கிளைக் கணினிகளை உடனுக்குடன் பார்ப்பதும் மென்பொருளை அனுப்புவதும்: வாகரை முதல் பொத்துவில் வரை

கல்லடிக்கரை (மட்டக்களப்பு)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் நிறுவனத்துக்கு வாகரை, வாழைச்சேனை, மட்டக்களப்பு, களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் ஆகிய இடங்களில் கிளைகள் இருக்கின்றன. எல்லாமாக நூற்றைம்பதுக்குக் கிட்டிய கணினிகள். அவற்றைப் பார்த்துக்கொள்ள நானும் ஓர் உதவியாளரும் மட்டுமே. மட்டக்களப்பிலிருந்து பொத்துவிலுக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல். ஒரு பிரிண்டர் டிரைவரை மாற்றப் போனால் அன்றைய நாள் அதிலேயே முடிந்துவிடும்.

எல்லாக் கணினிகளையும் ஒரே சேர்வரின் கீழ் சேர்க்கும் டொமைன் இருக்கிறது, அவற்றுக்கு அமைப்புகளை அங்கிருந்தே விடும் குரூப் பொலிசி இருக்கிறது, கணினிகளின் விபரம் ஓர் எக்செல் தாளில் இருக்கிறது. அந்தத் தாளை நான் நம்புவதில்லை. எந்தக் கணினியில் எந்தப் பதிப்பு, எதில் வன்தட்டு நிரம்பியிருக்கிறது என்று கேட்டால், கிளைக்குத் தொலைபேசி எடுத்துத்தான் சொல்ல முடியும்.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14-உடன் நின்றதிலிருந்து முகாமைத்துவம் தீர்வு கேட்டுக்கொண்டே இருக்கிறது. எங்கள் கணினிகளில் மூன்றிலொரு பங்கில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லை, புரொசெசர்களும் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவை. விண்டோஸ் 11 அவற்றை ஏற்காது.

இப்போது கையில் இரண்டு விலைமனுக்கள் இருக்கின்றன. முதலாவது, ஒவ்வொரு கணினியிலும் ஏஜென்ட் என்ற சிறு மென்பொருள் ஒன்றை வைத்து எல்லாவற்றையும் ஒரே திரையில் உடனுக்குடன் பார்க்கவும் மென்பொருள் அனுப்பவும் உதவும் கருவி. இரண்டாவது, எல்லா டெஸ்க்டொப்புகளையும் மட்டக்களப்பில் ஒரே சேர்வருக்குக் கொண்டுவந்து, கிளைகள் வலையமைப்பு வழியாக அவற்றில் வேலை செய்யும் முறை. இரண்டும் விலை கூடியவை. இந்தப் பக்கத்தில் இதைச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.


அக்கரைக் காக்கா (அக்கரைப்பற்று)

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் தம்பி. விலைமனுவை மேசையில் வைத்துவிட்டு முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். கணினியின் நிலையை அறிவது ஒரு வேலை, அதை மாற்றுவது இன்னொரு வேலை. விற்பவர்கள் இரண்டையும் ஒரே பொதியில் கட்டித் தருகிறார்கள். அறிவது எவ்வளவு வேகமாக நடக்கிறதோ அவ்வளவு நல்லது. மாற்றுவதை வேகமாகச் செய்தால் ஆபத்து.

உங்களிடம் இப்போது இருப்பவற்றின் வேகத்தைப் பாருங்கள். குரூப் பொலிசி 90 நிமிடங்களுக்கு ஒருமுறை, அதோடு 0 முதல் 30 நிமிடம் வரை தற்செயலான தாமதத்துடன் புதுப்பிக்கும். மைக்ரோசொப்டின் இணையவழி முகாமைக் கருவியான இன்டியூன் வைத்திருந்தால் விண்டோஸ் கணினி வழமையாக எட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை வந்து எட்டிப்பார்க்கும். அவர்களின் இன்னொரு முகாமைக் கருவியான கொன்பிகரேஷன் மனேஜரில் வன்பொருள் விபரம் திரட்டுவது, நீங்கள் மாற்றாவிட்டால், 7 நாட்களுக்கு ஒருமுறைதான். ஆகவே திரையில் நீங்கள் பார்ப்பது போன வாரத்துக் கணினியாக இருக்கலாம். இந்தக் குறை மைக்ரோசொப்டுக்கும் தெரிந்திருந்தது. அதனால்தான் அந்த மனேஜரின் 1806 பதிப்பில் சிஎம்பிவொட் என்ற நேரடி வினவலைச் சேர்த்தார்கள். அந்த நிமிடம் இணைப்பில் இருக்கும் கணினிகளிடம் கேள்வி போகிறது, பதில் திரும்பி வருகிறது.

நான் சொல்வது இதுதான்: நேரடியாகக் கேட்கும் வசதிக்குக் காசு செலவழியுங்கள். அனுப்பும் வேலைக்கு உங்களிடம் உள்ளவற்றைத் திருத்தி அமைத்தாலே பாதித் தூரம் போகலாம்.


வாழைச்சேனைத் தொழில்நுட்பர்

காக்காவின் கருத்தோடு நான் உடன்படவில்லை. நூற்றைம்பது கணினிகளுக்கு நேரடிக் காட்சி எதற்கு? காலையில் ஓர் ஸ்கிரிப்ட் ஓடி, விபரங்களை ஒரு பகிர்வுக் கோப்புறையில் எழுதிவிட்டால் போதும். நான் அப்படித்தான் செய்கிறேன், செலவு எதுவுமில்லை. ஒரு கணினியில் ஒபிஸ் எந்தப் பதிப்பு என்பது காலையிலும் மாலையிலும் மாறப்போவதில்லை. ஏஜென்ட் கருவிகளுக்கு டொலரில் மாதாந்தம் கட்ட வேண்டும். 2022-இல் ரூபாய் விழுந்தபோது அந்தக் கட்டணங்கள் எங்கே போய் நின்றன என்பதை எல்லோரும் பார்த்தோம். டொலரில் கட்ட வேண்டிய எதையும் உயிர்நாடியாக வைக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.


அக்கரைக் காக்கா

டொலர் பற்றி நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் நேரடியாகப் பார்ப்பதற்கு டொலர் கட்டியே ஆக வேண்டும் என்றில்லை. ஒஸ்குவெரி என்ற கருவியை பேஸ்புக் 2014-இல் திறந்த மூலமாக வெளியிட்டது. கணினியில் ஓடும் செயல்முறைகள், நிறுவிய மென்பொருட்கள், உள்நுழைந்திருப்பவர்கள் என எல்லாவற்றையும் தரவுத்தள அட்டவணைகள் போலக் காட்டி, எஸ்கியூஎல் மொழியில் கேட்க விடுகிறது. தூரத்திலிருந்து திரையைப் பார்க்கவும் கட்டளை கொடுக்கவும் மெஷ்சென்ட்ரல் இருக்கிறது. அதுவும் திறந்த மூலம். இரண்டுக்கும் ஒரு நடுத்தர சேர்வர் போதும்.

காலை ஸ்கிரிப்ட் எங்கே கைவிடும் என்றும் சொல்கிறேன். 2021 டிசம்பரில் மென்பொருட்கள் தமக்குள் சேர்த்துப் பாவிக்கும் லொக்4ஜே என்ற நிரல் நூலகத்தில் பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தது. அந்த நூலகம் வேறு மென்பொருட்களின் கோப்புறைக்குள் ஒளிந்திருந்தது. நிறுவிய மென்பொருட்களின் பட்டியலில் அதன் பெயர் வராது. உங்கள் ஸ்கிரிப்ட் நீங்கள் முன்கூட்டியே நினைத்து வைத்த கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதி வைத்திருக்கும். அன்று தேவைப்பட்டது முதல் நாள்வரை ஒருவரும் நினைத்திராத கேள்வி. அதை அந்த நேரமே எழுதி, எல்லாக் கணினிகளிடமும் கேட்டு, பதில் வாங்க முடிந்தவர்கள் அன்றைக்கே வேலையைத் தொடங்கினார்கள்.

கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வன்னாகிரை தாக்குதலும் அப்படித்தான். திருத்தம் 2017 மார்ச் 14-இல் வெளியானது, தாக்குதல் மே 12-இல் வந்தது. இடையில் ஏறத்தாழ இரண்டு மாதம். அடிபட்ட பல இடங்களில் திருத்தம் போட்டுவிட்டோம் என்ற நம்பிக்கை இருந்திருக்கும். எந்தக் கணினி தப்பிப்போனது என்று பார்க்கும் வழி இருந்திருக்காது.


வாவிக்கரை (மட்டக்களப்பு)

நான் மென்பொருள் அனுப்பும் பக்கத்தைப் பற்றிப் பேசுகிறேன், ஏனென்றால் எனக்கு வேலை அதிலேயே கழிகிறது. கிளை இணைப்பின் கணக்கைப் போட்டுப் பாருங்கள், கல்லடிக்கரை அண்ணன். விண்டோஸ் 11-இன் பெரிய இற்றைப்படுத்தல் சுமார் 4 கிகாபைட் என்று வைத்துக்கொள்வோம். பொத்துவிலில் உண்மையாகக் கிடைப்பது வினாடிக்கு 8 மெகாபிட் என்றால், ஒரு கணினிக்கே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். பத்துக் கணினிகளும் தனித்தனியே இறக்கினால் பதினொரு மணித்தியாலம். கிளையின் வேலைநாள் முழுவதும் போய்விடும். கவுண்டரில் வாடிக்கையாளர் காத்து நிற்பார். எந்தக் கருவியை வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது.

மாற்றக்கூடியது ஒன்றுதான்: ஒரு கிளைக்குள் ஒரு கோப்பு ஒரு முறை மட்டும் வர வேண்டும். விண்டோஸிலேயே டெலிவரி ஒப்டிமைசேஷன் இருக்கிறது. ஒரு கணினி இறக்கிய துண்டுகளை அதே வலையமைப்பில் உள்ள மற்றக் கணினிகள் அதனிடமிருந்தே எடுத்துக்கொள்ளும். பலர் இதை ஏதோ வேவு பார்க்கும் வசதி என்று நினைத்து அணைத்து வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து திறந்துவிடுங்கள். உங்கள் சொந்தக் கணக்கு மென்பொருளுக்கு இது உதவாது. அதற்குக் கிளையில் எப்போதும் ஓடும் ஒரு கணினியில் பகிர்வுக் கோப்புறை வைத்து, இரவில் பிட்ஸ் என்ற விண்டோஸின் பின்னணிக் கோப்புமாற்றச் சேவை வழியாக நிரப்புங்கள். இணைப்பு அறுந்தால் பிட்ஸ் விட்ட இடத்திலிருந்து தொடரும். சாதாரணப் பிரதி எடுப்பதில் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

பிறகு நேரம். எல்லாக் கிளைக்கும் ஒரே நேரத்தில் திறந்துவிடாமல், வயல்களுக்கு நீர் பங்கிடும் வட்டை விதானை முறைவைத்து வாய்க்காலில் தண்ணீர் விடுவதுபோல, இன்றிரவு வாகரை, நாளை இரவு வாழைச்சேனை என்று விடுங்கள். கடைசி வயலுக்கும் தண்ணீர் போய்ச்சேரும்.


கல்லடிக்கரை

மிக்க நன்றி அக்கா, காக்கா. பொத்துவிலும் வாகரையும் 4ஜி ரௌட்டரில் ஓடுகின்றன. வெளியிலிருந்து நேரே அணுகக்கூடிய பொது ஐபி முகவரி கிடையாது. இதில் ஏஜென்ட் வேலை செய்யுமா? ஒரே சேர்வரில் எல்லா டெஸ்க்டொப்பும் என்ற இரண்டாவது வழியைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே?


ஒலுவில் ஆய்வுகூடம் (அம்பாறை மாவட்டம்)

முதல் கேள்விக்குப் பதில்: செய்யும். நல்ல ஏஜென்டுகள் உள்ளிருந்து வெளியே, பாதுகாப்பான இணையத்தளங்கள் பாவிக்கும் 443-ஆம் போர்ட் வழியாகத் தாங்களாகவே சேர்வருக்கு இணைப்பை ஏற்படுத்தித் திறந்து வைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து உள்ளே நுழைய வாசல் தேவையில்லை. மெஷ்சென்ட்ரல் அப்படித்தான் இயங்குகிறது. நீங்கள் வாங்கப்போகும் கருவி கிளையில் போர்ட் திறக்கச் சொன்னால் உடனே விலகுங்கள்.

இரண்டாவது கேள்வி நான் பல காலம் யோசித்த விடயம். மாணவர் ஆய்வுகூடம் ஒன்றில் மெல்லிய கணினிகளை வைத்து ஒரே சேர்வரில் ஓட்டுவது அருமையான ஏற்பாடு. ஒரே கட்டடம், நல்ல கேபிள், பத்து மீற்றருக்குள் சுவிச். ஒரு மென்பொருளை ஓரிடத்தில் நிறுவினால் அறை முழுவதற்கும் கிடைத்துவிடும். லினக்ஸ் பக்கத்தில் எல்டிஎஸ்பி திட்டம் 1999-இலிருந்தே இதைச் செய்துவருகிறது.

ஆனால் அதே ஏற்பாட்டை மட்டக்களப்பையும் பொத்துவிலையும் இணைக்கும் ஏ4 வீதியின் நீளத்துக்கு இழுக்காதீர்கள். இணைப்பு அறுந்த நிமிடம் கிளையில் தட்டச்சு செய்யக்கூட ஒன்றும் இருக்காது. மட்டக்களப்பில் மின்சாரம் நின்று ஜெனரேட்டர் சண்டித்தனம் செய்தால், மின்சாரம் இருக்கும் பொத்துவிலும் சேர்ந்து நிற்கும். இப்போது ஒரு கிளையில் கோளாறு வந்தால் அந்தக் கிளை மட்டும் நிற்கிறது. அந்த முறையில் ஏழும் நிற்கும். அதற்கும் மேலே இரண்டாவது சேர்வர், சேமிப்பகம், உரிமக் கட்டணம் என்று விலைமனுவில் எழுதாத செலவுகள் பின்னால் வரும்.

நடுவழி ஒன்று இருக்கிறது. விண்டோஸ் சேர்வர் 2008-இலிருந்து ரிமோட்அப் உண்டு. முழு டெஸ்க்டொப்பை அனுப்பாமல் ஒரு மென்பொருளின் சாளரத்தை மட்டும் கிளைக்கு அனுப்பும். அடிக்கடி மாறுகிற, எல்லாக் கிளையும் ஒரே பதிப்பில் வைத்திருக்க வேண்டிய உங்கள் கணக்கு மென்பொருளை மட்டும் அப்படிக் கொடுங்கள். வேர்ட், எக்செல், உலாவி எல்லாம் கிளைக் கணினியிலேயே இருக்கட்டும். இணைப்பு போனாலும் கடிதம் அடிக்கலாம், கோப்பைத் திறக்கலாம்.


வாழைச்சேனைத் தொழில்நுட்பர்

இதோடு நான் முழுமையாக உடன்படுகிறேன். பழைய கணினிகளுக்கான பதிலும் இதற்குள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் 11 ஏற்காதவற்றுக்கு மைக்ரோசொப்டின் நீடித்த பாதுகாப்புத் திருத்தங்களை வாங்கினால், நிறுவனங்களுக்கு ஒரு கணினிக்கு முதலாம் ஆண்டு 61 டொலர், அடுத்த ஆண்டு அது இரட்டிப்பு, மூன்றாம் ஆண்டு மறுபடியும் இரட்டிப்பு. கூட்டினால் 427 டொலர். அந்தப் பணத்துக்குப் பாவித்த நல்ல கணினியே வாங்கலாம். அதைவிட, அவற்றில் லினக்ஸ் போட்டு, உலாவியும் ரிமோட்அப்பும் மட்டும் கொடுங்கள். கவுண்டரில் இருப்பவருக்கு வேறொன்றும் தேவைப்படாது. ஒரு விடயத்தைக் கணக்கில் சேர்க்க மறக்க வேண்டாம்: ரிமோட்அப் பாவிக்கும் ஒவ்வொருவருக்கும், அல்லது ஒவ்வொரு கணினிக்கும், தனி அணுகல் உரிமம் வாங்க வேண்டும்.


வாவிக்கரை

பெரிய கருவிகளைப் பற்றிய பேச்சில் எழுத்துருவை எல்லோரும் மறந்துவிடுகிறீர்கள். எங்கள் பக்கத்து அலுவலகங்களில் மென்பொருள் வழங்கல் என்றால் அதில் பாதி பாமினி எழுத்துருதான். பழைய கடிதங்கள், படிவங்கள், சுற்றறிக்கைகள் எல்லாம் பாமினியில் கிடக்கின்றன. எல்லாக் கணினியும் ஒரேபோல் படிக்கும் யுனிகோட் முறையில் அது இல்லை. கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் கோப்பு முழுவதும் ஆங்கில எழுத்துக்களாகத் தெரியும். புதுக் கணினி போன அடுத்த நாளே கிளையிலிருந்து தொலைபேசி வரும்.

இதில் ஒரு பொறி உண்டு. விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து, நிர்வாகி உரிமை இல்லாதவரும் எழுத்துருவை நிறுவலாம். ஆனால் அது அவருடைய கணக்குக்குள் மட்டும் போய் உட்காரும். காலையில் ஓர் அலுவலர் நிறுவுவார். மதியம் அதே கணினியில் இன்னொருவர் உள்நுழைந்தால் எழுத்துரு இருக்காது. ஸ்கிரிப்டில் கோப்பை எழுத்துருக் கோப்புறைக்குள் பிரதி செய்வதும் போதாது. விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் கணினிக்குப் பொதுவான பகுதியில் அதன் பெயரைப் பதிய வேண்டும். இரண்டையும் சேர்த்து எம்எஸ்ஐ என்ற விண்டோஸ் நிறுவல் பொதியாகக் கட்டி, கணினிக்கு அனுப்புங்கள், பயனருக்கு அனுப்பாதீர்கள். அதே பொதியில் ரெங்கநாதன் விசைப்பலகையையும் ஒரு யுனிகோட் எழுத்துருவையும் வைத்தால், புதிய கடிதங்களையாவது யுனிகோடுக்கு மாற்றலாம். காக்கா சொன்ன நேரடி வினவல் எனக்கு முதலில் உதவியது இதற்குத்தான்: எந்தக் கணினிகளில் பாமினி இல்லை என்று ஒரே கேள்வி, பதில் உடனே வந்தது. கிளைகளிலிருந்து தொலைபேசி வருவதற்கு முன்பே வேலையை முடித்துவிட்டோம்.


கல்முனைக் கணக்காளர்

நான் தகவல் தொழில்நுட்பப் பிரிவில் இல்லை, கணினியைப் பாவிக்கும் பக்கத்தில் இருப்பவன். ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். எல்லாவற்றையும் உடனுக்குடன் பார்ப்பது என்றால் என் திரையையும் பார்ப்பீர்களா? நான் எத்தனை மணிக்கு எழுந்து போனேன் என்பதும் தெரியுமா?


அக்கரைக் காக்கா

கேட்க வேண்டிய கேள்வி, தம்பி. தொழில்நுட்ப அளவில் இரண்டும் முடியும். அதனால்தான் எழுத்தில் விதி வேண்டும். 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், எந்த நோக்கத்துக்காகத் தரவு எடுக்கப்படுகிறதோ அதற்குத் தேவையான அளவு மட்டும் எடுக்கச் சொல்கிறது. கணினியின் பாதுகாப்பு நிலையைப் பார்க்க எடுத்த தரவை வைத்து ஊழியரின் வருகையைக் கணக்கிட முகாமைத்துவம் கேட்டால் நிர்வாகி மறுக்க வேண்டும், மறுக்கும் உரிமையைக் கொள்கையிலேயே எழுதி வைக்க வேண்டும். திரையைப் பார்க்கும் முன் பயனரின் சம்மதம் கேட்கும் பெட்டி வர வேண்டும். பார்க்கும் நேரம் முழுவதும் திரையில் அறிவிப்பு நிற்க வேண்டும். மெஷ்சென்ட்ரலில் இரண்டும் இருக்கின்றன. யார் எப்போது யாருடைய கணினிக்குள் போனார் என்ற பதிவை நிர்வாகியால் அழிக்க முடியாத இடத்தில் வையுங்கள்.


ஒலுவில் ஆய்வுகூடம்

மாற்றுவதை மெல்லச் செய்யுங்கள் என்று காக்கா முதலில் சொன்னதற்கு 2024 ஜூலை 19 ஒன்றே போதும். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் பிழையான கோப்பு ஒன்று இலங்கை நேரம் காலை 9.39-க்கு வெளியானது, 10.57-க்குத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். 78 நிமிடம்தான். அதற்குள் உலகம் முழுவதும் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. விழுந்த கணினி விண்டோஸுக்குள்ளேயே வரவில்லை. ஏஜென்ட் எப்படி ஓடும்? பெரும்பாலானவற்றுக்கு ஓர் ஆள் நேரில் போய், அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் சேப் மோடில் ஏற்றி, அந்தக் கோப்பைக் கையால் அழிக்க வேண்டியிருந்தது. வன்தட்டைப் பூட்டும் பிட்லொக்கர் போட்டிருந்தால் மீட்புச் சாவியும் வேண்டும். அந்தச் சாவிகளைச் சேமித்த சேர்வரே விழுந்திருந்தால் நிலைமை என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

கவனிக்க வேண்டியது இது: அன்று பாதிக்கப்பட்ட நிறுவனங்கள் பலவற்றில் மென்பொருள் பதிப்புகளைப் படிப்படியாக விடும் ஒழுங்கு இருந்தது. ஆனால் அன்று வந்தது பதிப்பு அல்ல, எதைத் தேட வேண்டும் என்று ஏஜென்டுக்குச் சொல்லும் உள்ளடக்கக் கோப்பு. அந்த ஒழுங்கு அதற்குப் பொருந்தவில்லை. ஆகவே விலைமனு தந்தவரிடம், ஏஜென்டின் எல்லா வகையான புதுப்பிப்பும் என் கட்டுப்பாட்டில் வருமா என்று எழுத்தில் கேளுங்கள். மீட்புச் சாவிகளைக் கடதாசியில் அச்சிட்டு ஒவ்வொரு கிளையின் இரும்புப் பெட்டகத்திலும் வையுங்கள்.


வாழைச்சேனைத் தொழில்நுட்பர்

அனுபவத்திலிருந்து ஒரு விடயம். எங்கள் பக்கத்தில் இடிமின்னலுக்குப் பயந்து, மாலையில் கிளையைப் பூட்டும்போது சுவர் சுவிச்சை அணைத்துவிடுவார்கள், சிலர் பிளக்கையே கழற்றிவிடுவார்கள். அவர்கள் செய்வது சரி. ஆனால் இரவில் கணினியை எழுப்பி மென்பொருள் அனுப்பலாம் என்று கருவிக் கையேடு சொல்வது இங்கே நடக்காது. கணினியை எழுப்பும் வேக் ஒன் லான் சமிக்ஞை போய்ச் சேர வலையமைப்பு அட்டைக்கு மின்சாரம் வேண்டும்.

நான் செய்யும் வழி: விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை அமைப்பான பயோஸில், மின்சாரம் திரும்பியதும் கணினி தானாக எழும்பும் அமைப்பைப் போட்டுவிடுங்கள். காலையில் அலுவலக உதவியாளர் கதவைத் திறந்து பிரதான சுவிச்சைப் போட்டதும் எல்லாம் எழும்பும். ஊழியர்கள் வருவதற்குள் இருக்கும் அந்த இடைவேளைதான் உங்கள் பராமரிப்பு நேரம். யூபிஎஸ் இல்லாத கணினிக்கு இதைச் செய்யாதீர்கள். மின்சாரம் வந்து வந்து போகும் நாளில் வன்தட்டு கெடும்.

இன்னொன்று, பாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். ஊழியர் தினமும் ஷட்டவுண் செய்கிறார், ஆனால் விண்டோஸின் கருவைத் தூங்க வைத்துவிட்டு மறுநாள் அதையே எழுப்புகிறது. வாரக்கணக்கில் மீள்தொடக்கம் இல்லாமல் கணினி ஓடும். மீள்தொடக்கத்துக்குக் காத்திருக்கும் திருத்தங்கள் முடிவடையாமல் கிடக்கும்.

திரையிலிருந்து திடீரென்று ஒரு கணினி மறைந்தால் முதலில் அதன் கடிகாரத்தைப் பாருங்கள். மதர்போர்ட் பற்றரி இறந்து, பிளக்கும் கழற்றப்பட்டால் திகதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போகும். டொமைனில் உள்நுழைவைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் 5 நிமிட வித்தியாசத்தைத்தான் பொறுக்கும். ஏஜென்டின் சான்றிதழும் செல்லாது என்று ஆகிவிடும்.


கல்லடிக்கரை

முகாமைத்துவத்துக்கு இப்படி எழுதப்போகிறேன்: இரண்டாவது விலைமனுவை நிராகரிக்கிறோம். கணக்கு மென்பொருளை மட்டும் ரிமோட்அப்பில் கொடுக்கிறோம். பழைய கணினிகள் லினக்ஸுக்குப் போகும். நேரடி வினவலைத் திறந்த மூலக் கருவிகளில் முதலில் தலைமையகத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு, முதலாவது விலைமனு இன்னும் தேவையா என்று பிறகு தீர்மானிக்கிறோம். திரையைப் பார்ப்பது பற்றிய விதி, கருவி நிறுவும் முன்பே ஊழியர்களுக்குப் போகும்.

அனுப்பும் வளையங்களை, அதாவது எந்தக் கணினிகளுக்கு முதலில், எவற்றுக்குப் பிறகு என்ற வரிசையை, எப்படி அமைப்பது? முதலாவது நாங்கள் இருவரும், இரண்டாவது மட்டக்களப்புத் தலைமையகம், பிறகு கிளைகள் என்று யோசிக்கிறேன்.


வாவிக்கரை

இரண்டாவது வளையத்தை மாற்றுங்கள் அண்ணன். தலைமையகத்தில் பைபர் இணைப்பு, புதுக் கணினி, பக்கத்திலேயே நீங்கள். அங்கே ஒரு பொதி வெற்றியாக நிறுவப்பட்டது என்பது 4ஜி ரௌட்டரில் ஓடும் கிளையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஒவ்வொரு கிளையிலிருந்தும் ஒரு கணினி, அதுவும் வேகம் குறைந்த கணினி, இரண்டாவது வளையத்தில் இருக்கட்டும். பொத்துவில் கட்டாயம் இருக்கட்டும். அந்தக் கணினியைப் பாவிப்பவரிடம் முன்கூட்டியே சொல்லி, பிரச்சினை வந்தால் அழைக்க உங்கள் நேரடி இலக்கத்தைக் கொடுங்கள்.

வெற்றி என்பதையும் நிறுவியின் முடிவுக் குறியீட்டை வைத்து மட்டும் எண்ண வேண்டாம். 0 என்றால் முடிந்தது, 3010 என்றால் முடிந்தது ஆனால் மீள்தொடக்கம் வேண்டும், 1618 என்றால் வேறொரு நிறுவல் ஓடிக்கொண்டிருக்கிறது, பிறகு வா. பல கருவிகள் 3010-ஐத் தோல்வி என்று காட்டி மறுபடியும் மறுபடியும் அனுப்பும். பொத்துவிலின் டேட்டா அதிலேயே தீர்ந்துவிடும். கோப்பின் பதிப்பு எண்ணை நேரடியாகக் கேட்டு, அது சரியாக இருந்தால் மட்டும் அடுத்த வளையத்தைத் திறந்துவிடுங்கள். பாமினிப் பொதியை நான் கட்டிய விதத்தை நாளை இங்கேயே எழுதுகிறேன். அதையே உங்கள் முதல் சோதனையாக அனுப்பலாம், அளவு மிகச் சிறியது.